மடித்த உருக்கின் வரலாறு

கட்டடத் தொழிலுக்கு உருக்கு இரு வழியாக வந்து சேர்கின்றது. செஞ்சூடேறிய உருக்குக் கட்டியை உருளைகளுக்கிடையே செலுத்திக் கனத்த தூண்களாகவும் உத்தரங்களாகவும் உருட்டியெடுப்பது ஒரு வழி. முன்னரே மெல்லிதாக உருட்டப்பெற்ற தகட்டை மீண்டும் சூடேற்றாது, சாதாரண வெப்பநிலையிலேயே மடித்து வேண்டிய உருவுக்குக் கொணர்வது மற்றொரு வழி. பின்னைய வழியிற் பெறப்படுவதைக் குளிர்நிலை உருக்கு எனலாம். இதன் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீற்றருக்கும் ஆறு மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டது. கூரையை மூடும் நெளிதகடு, அத்தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம், சுவரினுள் மறைந்து நிற்கும் மெல்லிய தூண், பண்டகசாலையிற் பொருளடுக்கும் தட்டுக்களின் நிலைக்கால் ஆகியன இவ்வினத்தைச் சார்ந்தவை.

மெல்லிய பொருளொன்று மடிப்பினால் வன்மை பெறுதல் புதுமையன்று. பனையோலை விரிந்து நிமிர்ந்து நிற்பது அதன் மடிப்புக்களின் துணையினாலேயாம். மடிப்பை நீவித் தட்டையாக்கிய ஓலைக் கீற்று கையிலே தொய்ந்து விழும். மடிப்புக் குலையாத கீற்றோ தன் பாரத்தைத் தானே சுமந்து நிற்கும். இரண்டிலும் பொருளின் அளவு ஒன்றே. மடிப்பினால் அப்பொருளின் ஒரு பகுதி நடுத்தளத்திலிருந்து மேலும் கீழுமாக விலகி நிற்கின்றது. விலகுந்தோறும் வளைவை எதிர்க்கும் ஆற்றல் பெருகுகின்றது. உருக்குத் தகட்டின் இயல்பும் இதுவே.

எனினும், ஓலை தன்னைத் தான் தாங்குவது வேறு. மாந்தர் வாழும் கட்டடமொன்றைத் தகடு தாங்குவது வேறு. ஒரு மில்லிமீற்றர் கனமுள்ள தகட்டை நம்பித் தளத்தையும் கூரையையும் அவற்றின்கீழ் உறங்கும் உயிர்களையும் ஒப்புவிக்கலாமா என்னும் வினாவுக்கு விடை காணப் பொறியியலார்க்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் வேண்டியிருந்தது. அவ்விடை எவ்வாறு கிடைத்தது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

நெளிதகட்டின் தோற்றம்

1829 ஆம் ஆண்டில் ஹென்றி ரொபின்சன் பாமர் என்னும் ஆங்கிலப் பொறியாளர் நெளிவுடைய உலோகத் தகட்டுக்கு ஆக்கவுரிமை பெற்றார். அவர் இலண்டன் கப்பற்றுறைக் கம்பனியின் பொறியாளராகப் பணியாற்றியவர். 1818 இல் தோன்றிய குடிசார் பொறியியலார் நிறுவகத்தின் தாபகருள் ஒருவர். அத்துறையிலே கர்ப்பூரத்தைலம் சேமித்தற்கென எழுப்பிய கொட்டகைக்கு அவர் நெளிதகட்டினால் வளைகூரை அமைத்தார். கைமரமும் சலாகையும் இன்றித் தகடுதானே வில்போல் வளைந்து தன்னைத் தாங்கிநின்றமை அக்காலத்தவர்க்கு வியப்பளித்தது. அத்தகடு உருக்காலானதன்று, தேனிரும்பாலானது. மலிவான உருக்கு பெருவாரியாகக் கிடைத்தது பெசமர் முறை 1856 இல் வெளிப்பட்ட பின்னரே.

மெல்லிய இரும்புக்கு முதற்பகை துரு. கனத்த உத்தரத்தில் அரை மில்லிமீற்றர் துருப்பிடிப்பின் பெருங்கேடில்லை; தகட்டிலோ அதுவே முழு நாசமாகும். 1837 இல் பிரான்சு நாட்டவரான ஸ்ரனிஸ்லாஸ் சொரெல், உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுத்து அதற்கு மேற்பூச்சிடும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். நாகப்பூச்சு இரும்பை வெறுமனே மூடுவதோடு அமையாது. கீறல் விழுந்தவிடத்தும் நாகம் தான் முதலில் அழிந்து இரும்பைக் காக்கும். இதன்பின் நெளிதகடு கடல் கடந்தது. 1849 இற் கலிபோர்ணியாவிற் பொன் தேடித் திரண்டோர்க்கும், அதனையடுத்து அவுஸ்திரேலியாவிற் குடியேறியோர்க்கும், பகுதி பகுதியாகப் பிரித்த இரும்பு வீடுகள் கப்பலேறிச் சென்றன. வெப்ப நாடுகளின் பண்டகசாலைகளும் தொழிற்சாலைகளும் தகரக் கூரை பெற்றன.

ஆயின், இவ்வளவிலும் தகடு பெரும்பாலும் போர்வையாகவே கருதப்பட்டது. பாரத்தைத் தாங்குவது மரச்சட்டம் அல்லது கனத்த இரும்பு. மழையையும் வெயிலையும் தடுப்பது தகடு. தகட்டையே தாங்குறுப்பாகக் கொள்ளுதற்கு அதன் குணத்தை அறிதல் வேண்டும். அவ்வறிவு கட்டடத்திலிருந்து தோன்றாது, பாலத்திலிருந்தும் கப்பலிலிருந்தும் வானூர்தியிலிருந்தும் வந்தமை இவ்வரலாற்றின் சுவையான பகுதியாகும்.

குழாய்ப் பாலத்தின் படிப்பினை

வேல்சு நாட்டின் மெனாய் நீரிணையைக் கடத்தற்கு ரொபேட் ஸ்ரீவன்சன் ஒரு புதுமையான பாலத்தைத் திட்டமிட்டார். புகைவண்டி உள்ளே ஓடிச்செல்லத்தக்க பெரும் இரும்புக் குழாயே அப்பாலம். அதன் பெரிய இடைவெளிகள் ஒவ்வொன்றும் 460 அடி. அவ்வளவு நீளமான உத்தரத்துக்கு முன்மாதிரி உலகில் எங்கும் இருந்ததில்லை. ஆதலின் வில்லியம் பெயர்பேண் என்னும் இரும்புத் தொழில் வல்லுநரும் ஈற்றன் ஹொட்கின்சன் என்னும் கணித அறிஞரும் 1845 முதலாகச் சோதனைகளில் ஈடுபட்டனர்.

வார்ப்பிரும்பிற் பழகிய அக்காலத்தார், இரும்பு அமுக்குவிசைக்கு வலிது, இழுவிசைக்கு மெலிது என்றே கருதியிருந்தனர். வார்ப்பிரும்பைப் பொறுத்தவரை அக்கருத்து மெய்யே. ஆனால் மெல்லிய தகட்டாலான மாதிரிக் குழாய்களைப் பாரமேற்றிச் சோதித்தபோது எதிர்பாராதது நிகழ்ந்தது. இழுவிசைக்குட்பட்ட அடித்தகடு அறுமுன்னர், அமுக்குவிசைக்குட்பட்ட மேற்றகடு அலையலையாகச் சுருங்கி மடிந்தது. இரும்பு நசுங்கவில்லை, தகடு தன் தளத்தைவிட்டு விலகியது. அமுக்குவிசையின்கீழ் மெல்லுறுப்பு இவ்வாறு பக்கமாக வளைந்து விலகுவதை இக்கட்டுரையில் ஒசிவு என வழங்குவாம்.

இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் மேற்றகட்டைச் சிறு சிறு அறைகளாகப் பகுப்பது. அகன்ற ஒரு தகட்டுக்குப் பதிலாகக் குறுகிய பல தகடுகள், ஒன்றையொன்று பற்றி நின்றன. 1850 இற் பிரித்தானியாப் பாலம் திறக்கப்பட்டது. ஒரு தகட்டின் வன்மை அதன் கனத்தில் மட்டுமன்று, அதன் அகலத்துக்கும் கனத்துக்குமுள்ள விகிதத்திலேயே தங்கியுள்ளது என்னும் உண்மை அன்று செய்கை முறையால் அறியப்பட்டது. அதனைச் சூத்திரமாக்கும் கணிதம் இன்னும் பிறக்கவில்லை.

கணிதத்தின் தீர்ப்பு

ஒல்லியான கோல் ஒசிதலை 1744 ஆம் ஆண்டிலேயே லெயொன்காட் ஒயிலர் கணித்துவிட்டார். கோல் ஒரு கோடு. தகடோ நான்கு விளிம்புடைய பரப்பு. தகட்டின் ஒசிவைக் கணித்தவர் ஜீ. எச். பிறையன். கப்பலின் பக்கத் தகடுகள் நெருக்கப்படும்போது எப்போது ஒசியும் என்னும் வினாவை எடுத்துக்கொண்டு 1891 இல் அவர் விடை கண்டார்.

அவ்விடையின் சாரம் இது. தகடு ஒசியும் தகைப்பு, கனத்தை அகலத்தால் வகுத்த விகிதத்தின் வர்க்கத்தோடு மாறும். அகலம் இருமடங்காயின் ஒசியுந் தகைப்பு நாலிலொன்றாகும். விளிம்புகள் பற்றப்பட்டுள்ள விதமும் முதன்மையானது. இரு பக்கமும் தாங்கப்பெற்ற தகட்டின் எதிர்ப்பு, ஒரு பக்கம் தாங்கப்பெற்று மறுபக்கம் வெறிதே நிற்கும் தகட்டின் எதிர்ப்பைப் போல ஒன்பது மடங்குக்கு மேற்பட்டது. குளிர்நிலை உருக்குறுப்புக்களின் விளிம்பில் ஒரு சிறு மடிப்பு வைப்பதன் காரணம் இதனால் விளங்கும். விரலகலமுள்ள அம்மடிப்பு, வெறுவிளிம்பைத் தாங்கிய விளிம்பாக மாற்றிவிடுகின்றது. இவ்வளவு சிறிய செலவில் இவ்வளவு பெரும்பயன் கிடைப்பது பொறியியலில் அரிது.

ஆனால் அதே கணிதம் மெல்லிய தகட்டுக்குக் கடுந்தீர்ப்பையும் வழங்கிற்று. 100 மில்லிமீற்றர் அகலமும் 1 மில்லிமீற்றர் கனமுமுள்ள, இரு பக்கமும் தாங்கப்பெற்ற உருக்குத் தகடொன்றைக் கொள்வோம். சதுர மில்லிமீற்றருக்கு 230 நியூற்றன் தகைப்பில் அவ்வுருக்கு இளகும் என்க. பிறையனின் முறைப்படி அது ஏறத்தாழ 72 நியூற்றன் தகைப்பிலேயே ஒசிந்துவிடும். ஒசிவே முடிவு எனக் கொள்ளின், உருக்கின் வன்மையில் மூன்றிலொரு பங்குகூடப் பயன்படாது. அங்ஙனமாயின் மெல்லிய தகட்டைத் தாங்குறுப்பாகக் கொள்ளுதல் வீண்செலவு என்றே முடியும்.

வானூர்தி காட்டிய வழி

இத்தீர்ப்பை மறுபரிசீலனை செய்யத் தூண்டியது வானூர்தி. மரத்தையும் துணியையும் விட்டு உலோகத்துக்கு மாறிய வானூர்தியில் ஒவ்வோர் இறாத்தல் எடையும் கணக்கிடப்பட்டது. தகடு ஒசியாதவாறு கனக்கச் செய்தால் ஊர்தி பறவாது. ஆதலின் ஒசிந்த தகட்டுக்கு ஏதேனும் வன்மை எஞ்சியுள்ளதா என்று வினவவேண்டியதாயிற்று.

1929 இல் ஜேர்மனியிலே ஹேபேட் வாக்னர், மெல்லிய நடுத்தகடு வெட்டுவிசையால் ஒசிந்தபின்னும் வீழ்வதில்லை எனக் காட்டினார். சாய்வான அலைகள் தோன்றியபின் அத்தகடு, இழுத்துக் கட்டிய துணிபோலச் சாய்வாக இழுவிசையைத் தாங்கி நிற்கும். 1930 இல் அமெரிக்க நியமப் பணியகத்தைச் சேர்ந்த சூமன், பக் என்போர் தகடுகளை விளிம்பில் அமுக்கிச் சோதித்த முடிவை வெளியிட்டனர். தகட்டின் அகலத்தைக் கூட்டினாலும் அது இறுதியாகத் தாங்கும் பாரம் பெரிதும் மாறாதிருந்தமை அவர்கள் கண்ட விந்தை. பாரத்தைத் தாங்குவது தகட்டின் முழு அகலமும் அன்று என்பது அதனாற் புலனாயிற்று.

இவ்விந்தைக்கு 1932 இல் எளிய விளக்கம் தந்தவர் ஹங்கேரியிற் பிறந்து கலிபோர்ணியாவிற் பணியாற்றிய தியோடோர் வொன் கார்மன். செக்லர், டொனல் என்போர் அவருடன் அக்கட்டுரையை எழுதினர். அவர்கள் கூறியது இது: தகடு ஒசியும்போது அதன் நடுப்பகுதி அலையாக வளைந்து பாரத்தினின்று ஒதுங்கிக்கொள்ளும். இரு ஓரங்களோ நேராகவே நின்று, ஒதுங்கிய நடுப்பகுதியின் பங்கையும் ஏற்கும். ஓரங்களின் தகைப்பு இளகுநிலையை எட்டும்போதே தகடு உண்மையில் வீழும். ஆதலின் முழு அகலத்தையும் மறந்து, ஓரங்களையொட்டிய இரு கீற்றுக்களே முழுத் தகைப்பையும் தாங்குவனவாகக் கருதிக் கணித்தல் தகும். அக்கீற்றுக்களின் மொத்த அகலத்துக்குப் பயனுறு அகலம் என்பது பெயர்.

ஊர்த்தேரை இழுப்போரை இதற்கு ஒப்பிடலாம். வடத்தின் நடுவிலுள்ளோர் சோர்ந்து கைதளர்த்தினும், வன்மையுடையோர் பற்றியிருக்கும்வரை தேர் நகர்ந்துகொண்டேயிருக்கும். நடுவிலுள்ளோர் தளர்ந்த கணத்தையே தேர் நின்ற கணமாகக் கொள்ளுதல் பிழை. பிறையன் கணித்தது தளர்ச்சியின் தொடக்கம். வொன் கார்மன் தேடியது தேர் நிற்கும் இடம்.

சட்டத்தின் கதவு

இதற்கிடையிற் கட்டடத் தொழிலாளர் அறிவியலுக்குக் காத்திருக்கவில்லை. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பேர்க் நகரிலே 1925 ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்ட பப்ரிஸ்ற் மருத்துவமனையின் தளங்களை, முதுகோடு முதுகு சேர்த்த மடிதகட்டு உத்தரங்கள் தாங்கின. பல பதிற்றாண்டுகளின் பின் அதனைப் புதுப்பிக்க முற்பட்டபோது ஆராய்ந்த பொறியாளர், அவை இன்னும் தம் பணியைச் செவ்வனே செய்வதைக் கண்டனர். 1933 இற் சிக்காகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் உருக்குத் தகட்டு வீடுகள் மக்கட்குக் காட்டப்பட்டன. அவற்றுள் ஆம்கோ - பெரோ வீடு என்பது தனிச்சட்டமின்றி நெளிதகட்டுச் சுவர்களே கூரையைத் தாங்கும்படி அமைந்தது. பின்னர் இந்தியானா மாநிலத்துக் கடற்கரையொத்த ஏரிக்கரையொன்றுக்கு எடுத்துச் செல்லப்பட்ட அவ்வீடு நெடுங்காலம் நிலைத்தது.

கண்காட்சியில் வைத்தல் எளிது. நகரிற் கட்ட உத்தரவு பெறுதல் அரிது. நகரங்களின் கட்டட விதிகள் சூட்டுநிலை உருக்கை மனத்திற்கொண்டே எழுதப்பட்டிருந்தன. கனத்த உத்தரத்தில் உறுப்பு முழுவதும் ஒருங்கே உழைக்கும். அதன் தகடு ஒசியுமுன் உருக்கே இளகிவிடும். மெல்லுறுப்புக்கு அவ்விதிகளைப் பொருத்தினால் இரண்டிலொரு கேடு நேரும். ஒசிவைக் கருதாது கணித்தால் உறுப்பு எதிர்பார்த்த பாரத்துக்குமுன் வீழும். ஒசிவே வீழ்ச்சியெனக் கணித்தால் எவரும் வாங்கவியலாத அளவு உருக்குச் செலவாகும். அனுமதி வழங்கும் அலுவலரிடம் ஏற்கவும் மறுக்கவும் தக்க அளவுகோல் இல்லை. மறுத்தலே அவர்க்குப் பாதுகாப்பாயிருந்தது. இக்கதவைத் திறப்பதற்கு 1939 இல் அமெரிக்க இரும்பு உருக்கு நிறுவகம் கோர்னெல் பல்கலைக்கழகத்தை நாடியது.

கோர்னெல் ஆய்வுகள்

அங்கு அப்பணியை ஏற்றவர் ஜோர்ஜ் வின்ரர். 1907 இல் வியன்னாவிற் பிறந்து, மியூனிக்கிற் பொறியியல் பயின்று, சோவியத்து நாட்டிற் சில ஆண்டுகள் கழித்து, 1938 இற் கோர்னெல் சேர்ந்தவர் அவர். ஆய்வு தொடங்கியபோது அவர் கலாநிதிப் பட்டமும் பெற்றிருக்கவில்லை. 1940 இலேயே அதனைப் பெற்றார்.

வானூர்தியின் அறிவைக் கட்டடத்துக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது. வானூர்தித் தகடு கவனமாகச் செய்யப்பட்டு அடிக்கடி பார்வையிடப்படும். கட்டடத் தகடோ சுருளிலிருந்து விரித்து மடிக்கப்பட்டு, பாரவண்டியிலேறி, வேலைத்தலத்திற் கையாளப்பட்டு, பின் ஐம்பது ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாது சுவருக்குள் இருக்கும். அதன் பரப்பு முற்றிலும் தட்டையாயிராது. மடித்ததனால் எழுந்த உள்ளகத் தகைப்புக்களும் அதில் தங்கியிருக்கும். இத்தகைய குறையுள்ள உறுப்புக்களையே வின்ரர் சோதித்தார். வொன் கார்மனின் சூத்திரம் மிக மெல்லிய தகடுகளுக்குப் பொருந்தியது. இடைநிலைத் தகடுகளின் வன்மையை அது மிகைப்படுத்திற்று. வின்ரர் அச்சூத்திரத்துடன் ஒரு திருத்தவுறுப்பைச் சேர்த்தார். அது தூய கணிதத்திலிருந்து வந்ததன்று. சோதனைப் புள்ளிகளினூடே வரைந்த கோடு. 1968 இல் அத்திருத்தத்தின் மாறிலி சிறிது தளர்த்தப்பட்டது. அவ்வடிவில் அது இன்றும் பல நாட்டு விதிகளில் வாழ்கின்றது.

முன்னர்க் கூறிய 100 மில்லிமீற்றர்த் தகட்டை இச்சூத்திரத்தாற் கணித்தால், அதன் பயனுறு அகலம் ஏறத்தாழ 49 மில்லிமீற்றர். அது தாங்கும் இறுதிப் பாரம், ஒசியத் தொடங்கும் பாரத்தின் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேற்பட்டது. தகட்டின் சரிபாதி உழைக்கவில்லை என்பது உண்மை. எனினும் மீதிப் பாதி உழைப்பதை நம்பலாம் என்பதும் உண்மை. அலுவலர் கேட்ட அளவுகோல் இதுவே.

தகட்டின் ஒசிவோடு மற்றொரு குணமும் ஆராயப்பட்டது. பகர வடிவை ஒரு பக்கமாகச் சாய்த்தாற்போல மும்முகமும் மூடி ஒருமுகம் திறந்த மடிப்புறுப்பின் நடுத்தகட்டின்மீது பாரத்தை வைத்தால், அது கீழே வளைவதோடு பக்கமாக முறுகவும் செய்யும். பாரத்தை எவ்விடத்தில் வைத்தால் முறுகாது என்பதை 1921 இற் சுவிற்சலாந்துப் பாலப் பொறியாளர் ரொபேட் மயாட் விளக்கினார். அப்புள்ளி உறுப்புக்கு வெளியே வெறுவெளியில் உள்ளது. மெல்லிய திறந்த உறுப்புக்களின் முறுக்கத்தை முழுக் கோட்பாடாக 1940 இல் நூலாக்கியவர் சோவியத்து அறிஞர் விளாசொவ். கனத்த உத்தரத்திற் புறக்கணிக்கத்தக்க இம்முறுக்கம், மெல்லுறுப்பில் முதன்மையாகின்றது. ஆதலின் இடையிடையே குறுக்குப்பிணைப்பு இடுதல் விதியாயிற்று.

1946 இல் மென்கன உருக்குறுப்புக்களுக்கான முதலாவது விதிநூலை அமெரிக்க நிறுவகம் வெளியிட்டது. 1949 இற் கணிப்புக் கைந்நூல் தொடர்ந்தது. இடைப்பட்ட போர்க்காலத்தில், 1941 இல் றோட் தீவு மாநிலத்தில் உருவான குவொன்செற் குடில்கள் அரைவட்ட வடிவில் ஆயிரக்கணக்காகப் பசிபிக் தீவுகளெங்கும் எழுந்திருந்தன. போரின் அவசரத்தில் தகடு தன்னை மெய்ப்பித்தது. அமைதிக் காலத்துக்கு வேண்டிய சட்டத் தகுதியை விதிநூல் அளித்தது. பிரித்தானியாவிற் சில்வர் முதலியோரின் ஆய்வின் பயனாக 1961 இல் நாட்டு நியமத்துக்கு ஓர் இணைப்பு வெளிவந்தது. இந்தியா 1975 இல் தன் நியமத்தைத் திருத்தி வெளியிட்டது. வின்ரரின் மாணவருள் ஒருவரான வெய் வென் யூ, 1971 இல் மிசூரி மாநிலத்து றொல்லா நகரில் இத்துறைக்கெனத் தனி அனைத்துலக மாநாட்டைக் கூட்டினார்.

குளிர்வினை உருக்குக்குச் செய்வது

இளகுநிலையைக் கடந்து வளைக்கப்பட்ட உருக்கு மீண்டும் அதே உருக்காயிராது. மடிப்பு மூலையில் அதன் இளகுநிலை உயரும். அதற்கு ஈடாக இழுபடுந் தன்மை குறையும். 1960 களிற் கோர்னெலில் நடந்த ஆய்வுகளும், 1967 இற் கரன் வெளியிட்ட மூலைகளின் குணங்கள் பற்றிய கட்டுரையும் இவ்வுயர்வை அளவிட்டுக் காட்டின. மூலைகள் உறுதிபெறுவது தற்செயலான நன்மை. ஏனெனில், ஒசிந்த தகடு பாரத்தை ஒதுக்கிவிடும் இடமும் அம்மூலைகளின் அயலே. ஆயினும் மடிப்பின் உள்வளைவு மிகக் கூரிதாயின் வெளிப்புறம் பிளக்கும். அதனால் மூலையின் வளைவாரைக்கும் தகட்டின் கனத்துக்கும் வரம்பு விதிக்கப்பட்டது.

புயல் கற்பித்தது

விதிநூல் கிடைத்ததனால் வரலாறு முடிந்துவிடவில்லை. 1974 டிசம்பர் 25 ஆம் நாள் வைகறையில் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் திரேசி என்னும் சூறாவளி தாக்கியது. மணிக்கு 217 கிலோமீற்றர் வேகத்தைக் காட்டியபின் காற்றுமானி பழுதுற்றது. அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; நகரின் பெரும்பான்மை வீடுகள் அழிந்தன. நெளிதகட்டுக் கூரை முதலிற் பறந்தது. கூரையிழந்த சுவர்கள் பின் வீழ்ந்தன. பறந்த தகடுகள் அயல் வீடுகளை உடைத்தன.

தகடுகளையும் அவற்றைப் பிணித்த ஆணிகளையும் முன்னரே பாரமேற்றிச் சோதித்திருந்தனர். அவை போதிய வன்மையுடையனவாகவே தோன்றின. ஆனால் அச்சோதனை நிலையான பாரத்தால் நடந்தது. சூறாவளியோ நிலையாக இழுப்பதில்லை. மணிக்கணக்காக இழுத்தும் விட்டும் அலைக்கும். ஒவ்வோர் இழுப்பிலும் பிணைப்பின் தலையைச் சுற்றித் தகடு குழிந்து நிமிர்ந்தது. கம்பியை இங்குமங்குமாகப் பலமுறை வளைத்து ஒடிப்பதுபோல, பிணைப்பைச் சுற்றி வெடிப்புத் தோன்றி வளர்ந்து, இறுதியிற் பிணைப்பு இருந்தவிடத்திலிருக்கத் தகடு மட்டும் கழன்று பறந்தது. உலோகக் களைப்பு எனப்படும் இக்குணம் வானூர்தியில் நன்கறியப்பட்டது. கூரைக்கு அது பொருந்தும் என எவரும் கருதியிருக்கவில்லை. மென்மையினால் ஒசிவில் இழந்ததை உருக்கின் வன்மையைக் கூட்டி ஈடுசெய்ய முயன்றோர், வலிய மெல்லுருக்கு களைப்புக்கு எளிதில் ஆளாதலை அன்று கண்டனர்.

இதன்பின் டார்வின் பகுதிக்கென எழுந்த கட்டட விதி, கூரைத் தகடுகளைப் பத்தாயிரம் முறை இழுத்துவிட்டுச் சோதிக்குமாறு பணித்தது. 1977 இல் ரவுண்ஸ்வில் நகரில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து சூறாவளிச் சோதனை நிலையம் நிறுவப்பட்டது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியின் நினைவு மறையாத நம் நாட்டார்க்கு, கூரைப் பிணைப்பு ஒன்றின் பெறுமதியை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது ஒசிவு

பண்டகசாலைத் தட்டுக்களின் நிலைக்கால்கள் மற்றொரு குணத்தை வெளிப்படுத்தின. அதுவரை இரு ஒசிவுகளே பெரிதும் கருதப்பட்டன: தகட்டின் உள்ளிட ஒசிவு ஒன்று, உறுப்பு முழுவதும் வளைந்தோ முறுகியோ விலகும் பேரொசிவு மற்றொன்று. வலிமைமிக்க மெல்லுருக்கினாற் செய்த நிலைக்கால்களில், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று தோன்றியது. விளிம்புத் தகடும் அதன் நுனியிலுள்ள சிறுமடிப்பும் ஒன்றாகச் சேர்ந்து, கதவு கீலிற் சுழல்வதுபோல மூலையைச் சுற்றித் திரும்பின. இஃது உருத்திரிவு ஒசிவு எனப்படும். சிட்னிப் பல்கலைக்கழகத்து ஹன்கொக்கும் லோவும் 1987 இல் இதற்குக் கணிப்புமுறை வகுத்தனர். 1996 இல் வெளிவந்த அவுஸ்திரேலிய, நியூசிலாந்துக் கூட்டு நியமம் அதனை விதியாக்கிற்று. வெறுவிளிம்பைக் காத்த அச்சிறு மடிப்பு, தானே புதியதொரு தளர்ச்சிக்கு வாயிலாயிற்று என்பது கவனிக்கத்தக்கது.

உறுப்பின் வடிவம் சிக்கலாகுந்தோறும், ஒவ்வொரு முகத்துக்கும் பயனுறு அகலம் தேடுதல் பெருஞ்சுமையாயிற்று. கணினி வந்தபின் முழு வடிவத்தின் மூவகை ஒசிவையும் ஒருங்கே கணித்தல் இயன்றது. 1998 இற் சேபரும் பெக்கோசும் முன்வைத்த நேர்வன்மை முறை, முகம் முகமாகப் பிரியாது உறுப்பை முழுமையாக நோக்குகின்றது. 2004 இல் வட அமெரிக்க விதிநூலின் பின்னிணைப்பாக ஏற்கப்பட்ட அம்முறை, 2016 இல் நூலின் உடலிலேயே இடம்பெற்றது. எனினும் அதன் வளைகோடுகளும் வின்ரரின் கோட்டைப்போலச் சோதனைப் புள்ளிகளினூடேதான் செல்கின்றன.

முடிவுரை

ஒரு நூற்றாண்டுக் காலம் பொறியியலார் தகட்டின் ஒசிவையே அஞ்சினர். பின்னர் ஒசிவு முடிவன்று என அறிந்தனர். அவ்வறிவினாற் பெருந்தொகை உருக்கு மீந்தது. எளியோர்க்கும் எட்டும் விலையிற் கூரையும் சுவரும் அமைந்தன. ஆனால் உருக்கின் கனம் குறைக்கப்பட்டபோதெல்லாம் அதுவரை மறைந்திருந்த ஒரு குணம் தலைகாட்டியது. குழாய்ப் பாலத்தில் அது தகட்டின் அலை, திறந்த உறுப்பில் முறுக்கம், டார்வினில் உலோகக் களைப்பு, பண்டகசாலையில் உருத்திரிவு. தீயிடை மெல்லுருக்கு விரைந்து சூடேறி விரைந்து தளரும் என்பதும் இவற்றோடு எண்ணத்தக்கது.

கனத்த உத்தரத்தில் அறியாமைக்கு ஈடாகப் பொருள் மிகுதியாக இருந்தது. கணிப்பவர் ஒன்றை மறந்தாலும் உருக்கு அதனைப் பொறுத்துக்கொள்ளும். மெல்லுறுப்பில் அவ்வாறு பொறுப்பதற்கு உபரியில்லை. குறைந்த பொருளின் இடத்தை அறிவு நிரப்பவேண்டியுள்ளது. ஆதலின் மடித்த உருக்கைப் பயன்படுத்துவோர் தகட்டின் விலையை மட்டும் ஒப்பிட்டுக் குறுக்குப்பிணைப்பையும் விளிம்பு மடிப்பையும் கூரைப் பிணைப்பையும் குறைத்தலாகாது. உருக்கிற் சேமித்தது சோதனைக்கும் கணிப்புக்கும் கண்காணிப்புக்கும் உரிய செலவென்று கொள்ளுதலே அறிவுடைமை. அச்செலவைச் செய்த நாடுகளில் ஒரு மில்லிமீற்றர்த் தகடு மாந்தரை நெடுங்காலம் காத்து நிற்கின்றது.